தாம்பரத்தில் 'கெட் டவுன்'



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்துவிட்டு நண்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "அறக்கட்டளைச் சொற்பொழிவுன்னா கம்பன், வள்ளுவர்னு பேசுவாங்க. நீங்க எலெக்ட்ரிக் ட்ரெயின்ல இருந்து எறங்குறதப் பத்திப் பேசப் போறீங்களாமே?" அவர் சொன்னது சரிதான். அதைத்தான் பேசப்போகிறேன். கம்பனைப் பேச நம் ஊரில் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

"ஐ வில் கெட் டவுன் அட் தாம்பரம்." கடற்கரையிலிருந்து வரும் மின்சார ரயிலில் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு இந்த வாக்கியத்தைச் சொல்லாத பயணி அரிது. இந்தத் தடத்தில் 1931-ல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அன்றிலிருந்து எத்தனை தலைமுறை இப்படிச் சொல்லிக்கொண்டே வந்து இறங்கியிருக்கும்! மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் வேலை பார்க்கும் பொறியாளர் சொல்கிறார். சானடோரியம் மருத்துவமனை மருத்துவர் சொல்கிறார். கிறித்தவக் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்த பெண் அம்மாவிடம் சொல்கிறாள். யாருக்கும் இதில் ஐயம் கிடையாது. ஆனால் இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் இதைச் சொல்ல மாட்டார். அவர் 'கெட் ஆஃப்' என்பார். 'கெட் டவுன்' என்று தனியாகக் கேட்டால் அவருக்கு ஏணியிலிருந்தோ மதிலிலிருந்தோ இறங்குவது தோன்றும். ஆங்கிலப் படங்களில் துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே காவலர் 'கெட் டவுன்' என்று கத்தினால், 'தரையோடு தரையாகப் படு' என்று பொருள். தாம்பரம் நடைமேடையில் அப்படி யாரும் படுப்பதில்லை, இடமும் இருக்காது.

வினைச்சொல்லோடு 'அப்', 'டவுன்', 'ஆஃப்', 'அவுட்' போன்ற சிறு சொல் ஒட்டிக்கொண்டு புதுப் பொருள் தருவதை ஆங்கில இலக்கணத்தில் 'ஃப்ரேசல் வெர்ப்' என்கிறார்கள். லோகன் பியர்சல் ஸ்மித் 1925-ல் எழுதிய நூலால் பரவிய பெயர் அது. ஆக்ஸ்போர்டு அகராதியின் பதிப்பாசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி தமக்குச் சொன்ன பெயர் என்று ஸ்மித் நன்றியோடு குறித்திருக்கிறார். பெயர்தான் புதிது, தொல்லை பழையது. சாமுவேல் ஜான்சன் 1755-ல் தம் அகராதிக்கு எழுதிய முன்னுரையிலேயே, அயல்நாட்டாருக்கு மிகப் பெரிய சிரமத்தைத் தருவது வினையோடு சிறுசொல் சேரும் இந்த வகைதான் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே குரோம்பேட்டை மாணவன் 'புட் ஆஃப்', 'புட் அவுட்', 'புட் அப்' மூன்றையும் குழப்பிக்கொண்டால் அது அவன் அறிவுக்குறை அல்ல. அகராதி செய்தவரே முன்கூட்டி மன்னிப்புக் கேட்டிருக்கிறார்.

'கெட் டவுன்' எங்கிருந்து வந்தது? எளிய விடை, தமிழிலிருந்து. வண்டி எதுவானாலும் நமக்கு இரண்டே வினைகள்: ஏறு, இறங்கு. ரயில், பேருந்து, ஷேர் ஆட்டோ, சைக்கிள், கப்பல், விமானம் எல்லாவற்றுக்கும் இவைதான். ஆங்கிலத்தில் அப்படி முடியாது. காருக்கு 'கெட் இன்', 'கெட் அவுட்'. பேருந்துக்கும் ரயிலுக்கும் விமானத்துக்கும் 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'. உள்ளே எழுந்து நடக்க முடிந்தால் 'ஆன்', உட்கார மட்டும் முடிந்தால் 'இன்' என்று ஆசிரியர்கள் ஒரு விதி சொல்வார்கள். குதிரைக்கும் சைக்கிளுக்கும் 'ஆன்' வருவதை அந்த விதியால் விளக்க முடியாது. இதையெல்லாம் நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று நம் மக்கள் நினைத்தார்களோ என்னவோ, 'இறங்கு'வை எடுத்து அப்படியே ஆங்கிலத்தில் வைத்துவிட்டார்கள்.

தமிழ் 'இறங்கு' வெறும் கீழ்நோக்கிய அசைவு என்று நினைத்துவிடக் கூடாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்டில் ஏறுகிறோம். அது மேலே போகிறது. மூன்றாவது மாடி வந்ததும் என்ன செய்கிறோம்? 'இறங்குகிறோம்'. மேலே போய்க்கொண்டிருந்தவர் எப்படி இறங்கினார் என்று யாராவது கேட்டிருக்கிறார்களா? 2024-ல் மாநகரப் போக்குவரத்துக் கழகம் தாழ்தளப் பேருந்துகளை விட்டது. நிறுத்தத்தில் நின்றதும் நடைபாதைப் பக்கம் தன்னையே சற்றுத் தாழ்த்திக்கொள்ளும் பேருந்து. உண்மையில் இறங்குவது அந்தப் பேருந்துதான், அதிலிருந்து வெளியே வரும் பாட்டியும் 'எறங்கிட்டேன்' என்றே சொல்கிறார். ஆக, வண்டியை விட்டு நீங்குவது என்பதே 'இறங்கு'வின் பொருளாகிவிட்டது. உயரம் ஒரு பழைய நினைவாக மட்டும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தமிழ்தான் காரணம் என்று நிறுத்திக்கொள்ளவும் முடியாது. இந்தியில் 'உதர்னா', தெலுங்கில் 'திகு', கன்னடத்தில் 'இளி'. எல்லாம் கீழே வருவதைக் குறிக்கும் வினைகள், எல்லாம் ரயிலுக்கும் பொருந்துபவை. டில்லியிலும் ஹைதராபாதிலும் 'கெட் டவுன்' கேட்பது அதனால்தான். இன்னொரு பக்கமும் உண்டு. ரயிலுக்கு முந்தைய இங்கிலாந்தில் நெடுந்தூரப் பயணம் குதிரைக் கோச்சில். உள்ளே இடம் கிடைக்காதவர்கள், அல்லது காசு குறைவாகக் கொடுத்தவர்கள், கூரைமேல் உட்கார்ந்து போவார்கள். அவர்கள் கீழே வருவது உண்மையாகவே இறங்குவதுதான். அக்காலத்து ஆங்கிலத்தில் கோச்சிலிருந்து 'கெட் டவுன்' செய்வது இயல்பான பேச்சு. 'கார்டு', 'கோச்', 'புக்கிங்' ஆகிய ரயில் சொற்களெல்லாம் அந்தக் குதிரை வண்டித் தொழிலிலிருந்து ரயிலுக்கு வந்தவை. சென்னை மாகாணத்தில் 1856-ல் ராயபுரத்திலிருந்து முதல் பயணிகள் ரயில் கிளம்பியபோது, அதை ஓட்ட வந்த வெள்ளைக்காரர்களின் நாவில் 'கெட் டவுன்' இருந்திருக்கும். பிறகு அவர்கள் நாட்டில் அது தேய்ந்து 'கெட் ஆஃப்' நிலைத்தது. இங்கே அதற்கு உதவியாக நம் மொழிகள் இருந்ததால் தேயவில்லை. என் கணிப்பில் நம் மொழிகளின் பங்குதான் பெரிது. ஆனாலும், 'இது ஆங்கிலமே இல்லை' என்று சிவப்பு மையில் அடிப்பவர்கள் பழைய ஆங்கிலத்தையும் சேர்த்தே அடிக்கிறார்கள்.

அடிப்பது புதிய பழக்கம் அல்ல. 1907-லேயே ஜி. சி. விட்வொர்த் என்பவர் இந்தியர்கள் எழுதும் ஆங்கிலத்தின் மரபுப் பிழைகளைத் தொகுத்து 'இந்தியன் இங்கிலீஷ்' என்று ஒரு நூலே போட்டார். அந்த வழக்குகள் நம் மொழிகளிலிருந்து ஏன் தோன்றுகின்றன என்று கேட்பதைவிடப் பட்டியல் போடுவது எளிது.

கடல் தாண்டினால் இன்னொரு வேடிக்கை. இலங்கை ஆங்கிலத்தில் 'கெட் டவுன்' என்றால் வெளியூரிலிருந்து வரவழைப்பது. லண்டனிலிருந்து ஒரு புத்தகத்தை 'கெட் டவுன்' பண்ணலாம், ஓர் அறிஞரையும் பண்ணலாம். மைக்கேல் மெய்லர் 2007-ல் வெளியிட்ட இலங்கை ஆங்கில அகராதியைப் புரட்டுவோர் இத்தகைய பல வழக்குகளைப் பார்க்கலாம். நமக்கு இது அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை. "துபாய்ல இருந்து எறக்குன சரக்கு" என்று பர்மா பஜாரில் சொல்வது இதே பொருள்தானே! 'இறக்குமதி' என்று அரசு ஆணையே சொல்கிறது.

இனி 'இறங்கு'வை ஆங்கிலத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'வேலையில் இறங்கினான்' என்கிறோம். ஆங்கிலேயனும் 'கெட் டவுன் டு வொர்க்' என்கிறான். காய்ச்சல்காரருக்குக் கஞ்சி 'தொண்டைல எறங்கல'. ஆங்கிலத்திலும் உணவை 'கெட் டவுன்' செய்ய முடியாமல் போகும். இவ்விரண்டு இடங்களிலும் நம் வினையும் அவர்கள் வினையும் ஒரே திசையில் போகின்றன. ஆனால் நம் மாணவர்கள் இந்த இரண்டு இடங்களிலும் அதைப் பயன்படுத்துவதே இல்லை! வேலையை 'ஸ்டார்ட்' பண்ணுகிறார்கள், கஞ்சியை 'ஸ்வாலோ' பண்ணுகிறார்கள். பொருந்தாத ரயிலில் மட்டும் 'கெட் டவுன்' சொல்கிறார்கள். பொருந்துகிற இடங்களை யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை என்பதுதான் காரணம். பொருந்தாத இன்னொரு இடமும் உண்டு. ஒரு செய்தி மனத்தைச் சோர்வடையச் செய்தால், அது என்னை 'கெட் டவுன்' செய்கிறது என்பார்கள். நமக்கு மனசு இறங்காது, இடிந்து போகும், ஒடிந்து போகும்.

வினைக்குத் திசை காட்டும் ஒட்டு நமக்குப் புதிதா? வடமொழியில் அது முன்னே வந்து ஒட்டும், அவர்கள் உபசர்க்கம் என்பார்கள். 'ஹ்ரு' என்றால் எடுத்துச் செல். அதோடு ஒட்டு மாற மாற ஆஹாரம், விஹாரம், பரிஹாரம், சம்ஹாரம். கந்த சஷ்டியில் சூரசம்ஹாரம் பார்த்துவிட்டு, மறுநாள் ஜோதிடரிடம் பரிகாரம் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து ஆகாரம் சாப்பிடுகிற நாம் ஒரே வினையைத்தான் மூன்று விதமாகப் பயன்படுத்துகிறோம். 'அவ' என்றால் கீழே, 'த்ரு' என்றால் கடந்து வா. இரண்டும் சேர்ந்து அவதாரம். பெருமாள் பத்து முறை செய்ததும் ஒரு வகையில் 'கெட் டவுன்'தான். வைணவ நண்பர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

தமிழில் நிலைமை இதைவிடச் சுவையானது. நாம் சிறுசொல்லை ஒட்டுவதில்லை, வினைக்குப் பின்னால் இன்னொரு வினையையே கொண்டுவந்து நிறுத்துகிறோம். 'தட்டு' என்ற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டிக்கொடுத்தால் ஊக்கம். தட்டிக்கேட்டால் நியாயம். தட்டிக்கழித்தால் சோம்பல். தட்டிப்பறித்தால் அநியாயம். இவற்றில் கை எங்கே தட்டுகிறது? 'போடு' இன்னும் பொல்லாதது. போட்டுக்கொடுப்பவன் நம்மை மேலதிகாரியிடம் காட்டிக்கொடுப்பவன். போட்டுவாங்குபவன் பேச்சுக் கொடுத்து நம் வாயிலிருந்தே விஷயத்தைப் பிடுங்குபவன். போட்டு உடைப்பவன் ரகசியத்தை வெளியே விடுபவன். போட்டுத் தள்ளுபவனைப் பற்றி நான் சொல்ல வேண்டாம், நாளிதழ் சொல்லும். 'கொடு', 'வாங்கு', 'உடை', 'தள்ளு' நான்கையும் அறிந்த ஒரு ஜெர்மானியர் தமிழ் படிக்க வந்து, இந்த நான்கையும் 'போட்டு' என்பதோடு சேர்த்துக் கேட்டால் என்ன ஆவார்? நம் பிள்ளை 'புட் அப் வித்' என்பதைப் பார்த்து என்ன ஆகிறானோ அதேதான் ஆவார்.

துணைவினைகளின் கதை தனி. 'வந்தான்', 'வந்துவிட்டான்', 'வந்து தொலைந்தான்' மூன்றிலும் ஒரே ஆள்தான் வருகிறான், வரவேற்பு மட்டும் மாறுகிறது. எழுதினான், எழுதித் தள்ளினான். படித்தான், 'என்னத்தப் படிச்சுக் கிழிச்சான்'. மழை பெய்தது, மழை 'வெளுத்து வாங்கியது'. 1992-ல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி துணைவினைகளுக்கென்று தனியாகப் பொருள் கொடுத்தது. இலக்கண நூல்கள் தொடத் தயங்கிய பேச்சுத் தமிழின் நுட்பத்தை அந்த அகராதி மேசைக்குக் கொண்டுவந்தது என்பேன். ஆங்கிலத்தின் 'ஈட்' என்பதற்கும் 'ஈட் அப்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்க ஓர் ஆசிரியர் கரும்பலகை முழுக்க எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். சாப்பிடு, சாப்பிட்டுவிடு என்று சொன்னால் வகுப்பு அரை நிமிடத்தில் புரிந்துகொள்ளும்.

இந்த ஃப்ரேசல் வெர்புகள், அதாவது ஆங்கிலக் கூட்டுவினைகள், தமிழுக்குள் வந்து என்ன ஆயின என்பது அடுத்த செய்தி. தமிழ் வெளியிலிருந்து பெயர்ச்சொல்லைத் தாராளமாக வாங்கும், வினைச்சொல்லை எளிதில் வாங்காது. பக்கத்துப் பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலையடிகளை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்தபோது 1898 முதல் 1911 வரை அங்கே தமிழ் கற்பித்தார். பிறகு பல்லாவரம் வந்து, 1916-ல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். ஆங்கிலத்தில் இதழ் நடத்தியவரும் அவரே. கல்லூரி 1937-ல்தான் தாம்பரத்துக்கு வந்தது. ஆக அடிகள் கல்லூரிக்கு முன்னாலேயே தென்புறம் வந்துவிட்டார். அவர் வழி வந்தவர்கள் பஸ்ஸைப் பேருந்து ஆக்கினார்கள், ரயிலைத் தொடர்வண்டி என்றார்கள். ஏறுவதையும் இறங்குவதையும் மாற்ற வேண்டிய தேவையே வரவில்லை, ஏனென்றால் அவற்றை யாரும் கடன் வாங்கவே இல்லை.

கடன் வாங்கும்போதும் தமிழ் ஒரு தந்திரம் செய்கிறது. ஆங்கிலக் கூட்டுவினையை ஒரே கட்டியாக்கிப் பெயர்ச்சொல்லாக மாற்றி, பக்கத்தில் நம் வினையை வைத்துவிடுகிறது. பில்டப் கொடுக்கிறான். கெட்டப் போடுகிறார். கட் அவுட் வைக்கிறார்கள். செட்டப் பண்ணுகிறார்கள். ஷூட்டிங் பேக்கப் ஆகிறது. 'பில்டப்' ஆங்கிலத்தில் படிப்படியாகச் சேர்வது, தமிழில் இல்லாததை இருப்பதாகக் காட்டுவது. 'செட்டப்' அங்கே வெறும் ஏற்பாடு, இங்கே அந்தச் சொல்லைக் கேட்டாலே ஏதோ தில்லுமுல்லு என்று தோன்றும். இவை இப்போது தமிழ்ச் சொற்கள். ஆங்கில அகராதியில் பொருள் தேடி நம்மைத் திருத்த வருவோர் வண்டி மாறி ஏறியவர்கள்.

எனக்குப் பிடித்தது நடத்துநரின் 'ஹோல்டான்'. ஜிஎஸ்டி சாலையில் பேருந்தில் போனவர்களுக்குத் தெரியும். "எறங்குறவங்க இருக்காங்க, ஹோல்டான் ஹோல்டான்!" என்ற குரலுக்கு வண்டி நிற்கும். "போலாம் ரைட்" என்றால் கிளம்பும். ஆங்கிலத்தில் 'ஹோல்ட் ஆன்' என்பது பொறு, அல்லது பிடித்துக்கொள். நம் நடத்துநர் அதை ஒரு கட்டளையாக, பிரேக்குக்குப் போகும் கட்டளையாக, மாற்றியிருக்கிறார். எந்தப் பள்ளியும் கற்பிக்காமல், எந்தப் பட்டியலிலும் மனப்பாடம் செய்யாமல் ஓர் ஆங்கிலக் கூட்டுவினை தமிழ்நாட்டுச் சாலையில் பிழையில்லாமல் வேலை செய்கிறது. விசில் வந்த பிறகு அது குறைந்திருக்கிறது, போய்விடவில்லை.

அடுத்தது 'பாஸ் அவுட்'. இதற்கு நாம் பரங்கிமலையில் இறங்க வேண்டும். அங்கே ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகம் 1963-ல் தொடங்கியது. 1992 முதல் பெண் அதிகாரிகளும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். பயிற்சி முடிந்ததும் பரமேஸ்வரன் அணிவகுப்புத் திடலில் நடப்பது 'பாஸிங் அவுட் பரேட்'. பரம்வீர் சக்கரம் பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பெயரில் அமைந்த திடல் அது. பிரிட்டிஷ் படையிலும் இதே சொல்தான், பிழை எதுவும் இல்லை. ஆனால் அதே பரங்கிமலையிலிருந்து சில நிலையங்கள் தள்ளி, வண்டலூர் வரை வரிசையாக நிற்கும் பொறியியல் கல்லூரிகளின் பிள்ளைகள் தம் விண்ணப்பத்தில் 'நான் 2019 பாஸ் அவுட்' என்று எழுதுகிறார்கள். ஆளே சொல்லாகிவிட்டார்! இங்கிலாந்தில் ஒருவர் கல்லூரியில் 'பாஸ் அவுட்' ஆனார் என்றால் மயக்கம் போட்டு விழுந்தார் என்று அர்த்தம். சீருடை இல்லாத படிப்புக்கும் அணிவகுப்புச் சொல்லை நீட்டியது இந்தியர்கள். எனக்கு இதில் வருத்தம் இல்லை. வெளிநாட்டு நிறுவனத்துக்கு எழுதும்போது மட்டும் 'கிராஜுவேட்டட்' என்று எழுதுங்கள். அவர்கள் உங்கள் உடல்நிலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

இப்போது வகுப்பறைக்கு வருகிறேன். நம் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு இது ஒரு மதிப்பெண் கேள்வி. அந்த ஒரு மதிப்பெண்ணுக்காக நூறு கூட்டுவினைகள் கொண்ட பட்டியல் ஜெராக்ஸ் கடையில் விற்கிறது. 'கால் ஆஃப்' என்றால் ரத்து, 'லுக் ஆஃப்டர்' என்றால் பராமரி என்று இடப்பக்கமும் வலப்பக்கமும் கோடு போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வு முடிந்ததும் மறக்கிறார்கள். மறப்பதில் வியப்பில்லை. வாக்கியமும் இடமும் ஆளும் இல்லாத சொல் தலையில் நிற்காது.

இதற்கு மாற்று வழி நம் மாநிலத்திலேயே சோதித்துப் பார்க்கப்பட்டது. என். எஸ். பிரபு சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றியவர். 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் கடலூரிலும் சாதாரணப் பள்ளிகளில் ஒரு திட்டம் நடத்தினார். இலக்கணப் பாடம் கிடையாது, சொற்பட்டியல் கிடையாது. வரைபடம் கொடுத்து வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். ரயில் கால அட்டவணையைக் கொடுத்து எந்த வண்டியில் போனால் எப்போது போய்ச் சேரலாம் என்று கணக்குப் போடச் சொன்னார்கள். பிள்ளைகள் கணக்கில் மூழ்கினார்கள், ஆங்கிலம் பின்வாசல் வழியாக உள்ளே வந்தது. அவர் 1987-ல் எழுதிய நூலை உலகெங்கும் ஆசிரியர் பயிற்சியில் படிக்கிறார்கள். செயல்வழி மொழிக் கற்பித்தல் என்று இன்று பெயர் சூட்டிப் பேசப்படுவதன் வேர்களில் ஒன்று அந்த வகுப்பறைகளில் இருக்கிறது. இங்குள்ள ஆசிரியர் பயிற்சியில் அவர் பெயர் எவ்வளவு கேட்கிறது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரபுவோடு எனக்கு ஒரு சிறு மாறுபாடு உண்டு. தாய்மொழியோடு ஒப்பிட்டுக் காட்டுவதும் ஒரு செயல்தான். தாம்பரத்திலிருந்து கிண்டி வரையிலான நிலையங்களை வரைந்து கொடுங்கள். யார் எங்கே ஏறினார், எங்கே இறங்கினார் என்று பிள்ளைகளைத் தமிழில் பேசச் சொல்லுங்கள், பிறகு ஆங்கிலத்தில். 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்' தாமாக வரும். குரோம்பேட்டையில் இறங்கியவர் ஆட்டோவில் ஏறினால் 'கெட் இன்'. வீட்டுக்குப் போய் வேலையில் இறங்கினால் அங்கே 'கெட் டவுன்' வரட்டும். அவர்கள் நாவில் ஏற்கெனவே இருக்கிற சொல்லுக்குச் சரியான நிலையத்தைக் காட்டினால் போதும். தட்டிக்கொடு, தட்டிக்கேள், தட்டிக்கழி தெரிந்த பிள்ளைக்கு 'கிவ் இன்', 'கிவ் அப்', 'கிவ் அவே' அந்நியம் அல்ல. அந்த உறவை ஆங்கில ஆசிரியர்தான் சொல்ல வேண்டும், தமிழாசிரியர் உடனிருந்தால் இன்னும் நல்லது. இரு துறைகளும் ஒரே ஆசிரியர் அறையில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் பாடத்தை ஒருவர் எட்டிப் பார்க்காமல் இருப்பது எனக்கு விளங்காத ஒன்று.

விடைத்தாள் திருத்துவோர் பலர் இந்த அவையில் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு பிள்ளை கட்டுரையில் 'கெட் டவுன் அட் தாம்பரம்' என்று எழுதினால், பக்கத்தில் 'கெட் ஆஃப்' என்று சிறிதாக எழுதிக் காட்டுங்கள். மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.